சிவப்பு மை போட்ட கோதுகள்

என் அருமை மச்சான் யோகனுக்கு,

நீ போய் இருபத்திரண்டு நாளாகிறது. உன் மேல் இருக்கிற கோபம் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது சண்டை பிடிக்கவும் நீ இடம் தரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

போன கிழமை வசந்தி கூப்பிட்டாள். உன் வீட்டின் அடியில், கெல்லரில் இருக்கிற வெடிமருந்தை உரிமம் உள்ள ஒருவர்தான் எடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். டுசல்டோர்ஃப்பில் எனக்குத் தெரிந்து அந்த உரிமம் வைத்திருந்த தமிழர் நீயும் நானும்தான். என் சொந்தத் தங்கை கேட்கிறாள், மாட்டேன் என்பேனா? இரண்டு வருடமாக உங்கள் வீட்டுக்கு வந்து சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிப் போனவன், அன்றுதான் மறுபடி கீழே இறங்கினேன்.

நாங்கள் வேலை செய்த மேசை அப்படியே கிடந்தது. கிழக்கு ஜெர்மனி காலத்துப் பழைய மக்கறோவ் கைத்துவக்கை நீ ஆசைப்பட்டு வாங்கினாய். அதன் ரவைக்குரிய பித்தளைக் கோது லேசில் கிடைக்காது. மற்றவர்கள் சுட்டுவிட்டுப் போடும் லூகர் ரவையின் வெற்றுக் கோதோ சுடுதளத்தில் காலடியில் குவிந்து கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து, பத்தொன்பது மில்லிமீற்றரைப் பதினெட்டாக வெட்டி, அச்சில் விட்டு எடுத்தால் மக்கறோவுக்குச் சரி. வெட்டுவது நான். ஒவ்வொன்றாக அளந்து, சரியானதற்கு அடியில் சிவப்பு மை போட்டு, மருந்தும் குண்டும் வைப்பது நீ. அடியில் அடித்திருக்கும் லூகர் முத்திரை அழியாது. வெட்டியதும் வெட்டாததும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான், அதனால் அந்தச் சிவப்புப் புள்ளியை நம்பித்தான் நாங்கள் சுட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் துப்பாக்கி சுடும் கழகப் போட்டியன்று உன் துவக்கால் நான் சுட்டபோது ரவை பாதியில் இறுகி நின்றது. உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சுடுதளம் முழுவதையும் நிறுத்திவிட்டு, துவக்குத் திருத்துபவரைக் கூப்பிட்டுத்தான் அதை எடுத்தார்கள். பொறுப்பாளர் அளந்து பார்த்தார். பத்தொன்பது, வெட்டவே இல்லை. யார் செய்த வேலை என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜெர்மனில் சொன்னாய், வெட்டுவது மச்சான்தான், கவனமாக வெட்டும்படி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன் என்று. எத்தனை தரம் சொன்னாய், யோகன்? ஒரு தரமாவது?

அதற்குப் பிறகு என்னை அணியிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பொறுப்பாளர் என் பெட்டியை வாசலிலேயே வாங்கித் திறந்து, ரவைகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாய். நான்தான் கோதுகளைக் கலந்துவிட்டேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் கேவலம் அதுதான்.

உன் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு ரொபி இனிப்பு டின் இருந்தது. அதற்குள் பதினாறு கோது, எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மை. எடுத்து அளந்தேன். ஒன்று விடாமல் பத்தொன்பது. கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி: "வெட்டாத கோதுக் கிண்ணத்தில் எடுத்து, அளக்காமல் மை போட்டேன். என் பிழை."

வசந்தி படியில் நின்றாள். துண்டைக் காட்டினேன். அவள் திகைக்கவில்லை. அப்படியே படியில் குந்திவிட்டாள்.

"அவர் அடுத்த நாளே கண்டுபிடிச்சிட்டார், அண்ணை. கழகத்தில சொல்லப் போறன் எண்டு வெளிக்கிட்டவர். நான்தான் விடேல்லை. உரிமத்தைப் பறிச்சுப் போடுவாங்கள் எண்டு பயந்தன்."

"என்ர பேர் போனாப் பரவாயில்லையோ?"

"நீங்கள் தாங்குவீங்கள் எண்டு நினைச்சன்."

என் தங்கை சொன்னாள், மச்சான். நான் மருந்தைப் பெட்டியில் அடுக்கினேன்.

அவள் மறித்தாள், சரி. பயந்தாள், அதுவும் சரி. உனக்கு வாய் இல்லையா? கழகத்தை விடு, எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே. இரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரே காரில் கோயிலுக்குப் போனோம். சொல்லியிருந்தால் அந்தப் பழியை நானே வைத்துக்கொண்டிருப்பேன். கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை நீ களவாக எடுத்துக்கொண்டாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் உன் படத்தை மாட்டுகிறார்கள். மச்சான் என்பதால் என்னை இரண்டு வார்த்தை பேசக் கேட்டிருக்கிறார்கள். இனி அதைக் கிளற வேண்டாம் என்று வசந்தி கையைப் பிடித்து அழுதாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவேன். உன் கைராசியையும் பகிடியையும், எனக்கு வேலை இல்லாத காலத்தில் நீ என்னை வைத்துப் பார்த்ததையும் ஒன்றும் குறைக்காமல் சொல்வேன். பிறகு அந்தத் துண்டை எடுத்து, நீ எழுதியபடி, எல்லோருக்கும் விளங்குகிற ஜெர்மனில் வாசிப்பேன். வசந்தி முன்வரிசையில்தான் இருப்பாள். உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீட்டுக்கு வந்து பந்திக்கு இலை போடுவேன். அவள் கதவைத் திறக்காவிட்டால், எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை வாசலில் நிற்பேன்.

உன் மனைவியின் தமையன்,
உன் மச்சான்,
ஜெயம்