முதுகெலும்பில் குடியேறிய கிருமி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? நானும் இப்போது சுகம்தான். முதலில் என் மானம் போன கதையைக் கேள். முதுகுவலிக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனால், முதுகுப்பக்கம் திறந்த அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் சட்டை மாதிரி முன்பக்கம் திறப்பாக மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். நர்சம்மா கூரையைப் பார்த்தபடி, "அண்ணே, வலி முதுகுலதானே?" என்றாள்.

மாட்டுப் பண்ணையில் தீவன மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்து, கூட்டாளியை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லியிருந்தேன். பிறகு காய்ச்சலும் வந்தது.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பச்சைப் பால் குடிப்பீங்களா?" என்றார்.

"கறந்த சூட்டோட ஒரு செம்பு சார்!" என்றேன் பெருமையாக.

"மாட்டுக்கிட்ட இருந்து வர்ற கிருமியா இருக்கும். எங்கயோ ஒருத்தருக்குத்தான் முதுகெலும்புல போய் உக்காரும். விட்டா கால் விளங்காம போயிடும்."

சோதனையில் அதேதான். ஊசிக்கும் மாத்திரைக்கும் நோய் கேட்கிறது. காய்ச்சல் விட்டது, நன்றாக நடக்கிறேன். மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டுமாம்.

இங்கே போர்வை குத்துகிறது. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க மெனக்கெடாதே.

மாத்திரை நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். சோதனைக்காக எலும்பில் ஊசி இறக்கும் முன் டாக்டர், "வீட்டுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார். "வேணாம் சார், அவ பயந்துடுவா" என்றேன். பயந்தது நான்தான் என்று சொல்லவில்லை.