செல்போனில் நீ எழுதிய வரி

அச்சங்குளம்

மகனுக்கு,

பட்டாளத்தை விட்டு வந்தவன் வேலை கிடைக்கத் தன்னைப் பற்றிச் செல்போனில் எழுதிப் போட வேண்டும் என்றாய். நேற்று உன் பெண்டாட்டி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். கண்ணிவெடி எடுத்தது, மெடல் வாங்கியது எல்லாம் நிசந்தான்.

கடைசியில், நம்மூர் முதலாளியின் பட்டாசுக் கம்பெனி பாதுகாப்புக்கு முன்மாதிரி என்று எழுதியிருக்கிறாய். சீசனில் நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரைத் திணித்து, உன் தங்கை பொன்மணியைக் கரிக்கட்டையாக்கிய கம்பெனி அது.

போனில் கேட்டால், "மொதலாளி வேலை தாரேன்னாக, எழுதுனேன்ப்பா" என்று சிரிக்கிறாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவளுக்குத் திவசம். அந்த வரியை அழித்துவிட்டு வா. அழிக்க மனசில்லை என்றால், மெடலைக் குத்திக்கொண்டு அவள் படத்துக்கு முன்னால் நின்று நீயே அதைச் சத்தமாக வாசி.

உன் பெண்டாட்டி எழுத, கைநாட்டு வைத்தது,
உன் அப்பன்