அப்பனைப் போலவே பகலில் தூங்கும் பிள்ளை

செவ்வாய்க்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவதைத் தடுக்க நாங்கள் செய்யும் ஆய்வுக்காக இன்று வடக்குத்து கிராமத்துக்குப் போனேன். அங்கே செல்வி என்ற பெண்ணுக்குப் போன மாதம்தான் குழந்தை இறந்து பிறந்தது. கணவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கிசுகிசுப்பாகவே பேசினாள்.

அசைவு எப்போது குறைந்தது என்று கேட்டேன்.

"ராத்திரியெல்லாம் எட்டி எட்டி ஒதைக்குங்க. பகல்ல அவரு தூங்கும்போது அதுவும் சும்மா கெடக்கும். அப்பன மாதிரியே புள்ளைக்கும் நைட் ஷிப்டுன்னு சொல்லிச் சிரிச்சிகினு இருந்தோங்க. அன்னிக்கிப் பகல் பூரா அசையல. தூங்குதுன்னு நெனச்சிட்டேன். அவரு வேலைக்குப் போனப்புறமும் அசையல. அப்பதாங்க பயம் வந்துச்சி."

எங்கள் ஆய்வுப் படிவத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமானதற்கான காரணங்களில் 'தாயின் அலட்சியம்' என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அதை எழுதிய புண்ணியவானை அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

"பகல்லயே போயிருந்தா பொழச்சிருக்குங்களா?" என்று கேட்டாள். இருக்கலாம். அதைச் சொல்லாமல், படிவத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

வாசல்வரை வந்தாள். உள்ளே தூங்குகிறவன் எழுந்துவிடாதபடி, சத்தமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.