உருளாத கல்

மார்ச் 3

அன்பு அண்ணனுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டு, தையல் மெஷினைச் சரிசெய்ய உன் கடைக்குக் கொண்டுவருகிறவர்களையெல்லாம் கேட்க வைக்கிறாய். இது நமக்குள் இருக்க வேண்டிய பேச்சு. அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. சுரங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு பாறை சுமக்கும் டம்பர் லாரி டிரைவர்களின் சார்பில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேரில், ஆறு வருடமாக வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவள் நான் ஒருத்திதான். எதிர்த்து நின்ற இரண்டு பேருமே எனக்கு ஓட்டுப் போட்டார்களாம். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்.

அடுத்தது அவ்வளவு நல்ல செய்தி இல்லை. எங்கள் ஷிப்டில் ரேடியோ என்று ஒருவன் இருக்கிறான். வாய் மூடாமல் பாடுவதால் வந்த பெயர். போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இறங்கும்போது வண்டி ஏணியில் இருந்து விழுந்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டான். பக்கத்து வண்டியில் இருந்து நான் என் கண்ணால் பார்த்தேன். முதலுதவி அறையில் படிவத்தை நிரப்பப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, ஏணியில விழுந்தேன்னு எழுதிடாதீங்க. டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. கல்லு உருண்டு வந்துச்சுன்னு எழுதுங்க. நம்ம பாறை அண்ணனுக்கு ஆன மாதிரி.”

பாறை அண்ணன். நீ வேலையை விட்டுப் பதினொரு வருடம் ஆகியும் அந்தப் பெயர் இங்கே புழங்குகிறது. உருண்டு வந்த கல் இடுப்பை உடைத்தும் வாயைத் திறந்து ஒரு முனகல் முனகாத மனிதன் என்று புதிதாக வருகிறவர்களுக்குக்கூடச் சொல்கிறார்கள்.

அண்ணா, பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபோர்மேன் கையால் வரைந்த படம் அதில் இருக்கிறது. உன் வண்டி வலப்பக்கம் பாறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. ஏணி இடப்பக்கம். நீ விழுந்து கிடந்ததும் இடப்பக்கம். சுவரில் இருந்து உருண்ட கல் உன்னை வந்து அடிக்க வேண்டுமென்றால் நூறு டன் டம்பரைத் தாண்டிக் குதித்திருக்க வேண்டும். அந்தக் கல்லுக்குச் சிறகு முளைத்திருந்ததா?

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்த ஏணியின் கடைசி இரண்டு படிகளும் சங்கிலியில் தொங்குவது உனக்குத் தெரியும். கல்லில் இடித்து உடையாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். மிதித்தால் உள்ளே ஆடிப்போகிறது. பாதி வண்டிகளில் கீழ்ப்படியே இல்லை, குதிக்க வேண்டியிருக்கிறது. மாற்றுங்கள் என்று கேட்டால், “இருபது வருஷப் பதிவேட்டில் ஏணியில் விழுந்தவர் ஒருத்தர்கூட இல்லையே அம்மா” என்கிறார் பாதுகாப்பு அதிகாரி.

நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி அனுப்பு. சங்கத்தில் விசாரித்துவிட்டேன், எப்படி விழுந்திருந்தாலும் வேலையில் பட்ட அடிதான். உனக்கு வரும் இழப்பீட்டுப் பணத்தில் ஒரு குறையும் வராது. அண்ணியையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வாயாடி


மார்ச் 9

தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. குழுவில் சேர்ந்தது சந்தோஷம். சேர்ந்த உடனே சொந்த அண்ணனைத்தான் விசாரிப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

உருண்டது கல்தான். கல் எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் போகும் என்று அதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பதினெட்டு வருடம் அந்த வண்டியை ஓட்டினேன். மழையில், புழுதியில், எதிரே வருவது தெரியாத பனிமூட்டத்தில் ஓட்டினேன். ஏணியில் இருந்து இறங்கத் தெரியாதவன் என்று எனக்குப் பட்டம் கட்டப் பார்க்கிறாயா?

ஒன்றை நினைவில் வை. உனக்கு அந்த டிரைவர் சீட் எப்படிக் கிடைத்தது? பெண்பிள்ளை நூறு டன்னை ஓட்டுமா என்று எல்லோரும் இழுத்தபோது, “பாறையோட தங்கச்சியா? அப்ப ஓட்டும்” என்று ஃபோர்மேன் சொன்ன ஒரு வார்த்தையில்தான் கிடைத்தது. 

என் மகள் எட்டாம் வகுப்பில் “கல்லுக்கு அஞ்சாத என் அப்பா” என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். அது கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஊசி மாற்ற வருகிறவர்கள்கூட அதைப் படித்துவிட்டு எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அதை நான் கழற்ற வேண்டுமா? உன் வேலையைப் பார்.

பாறை


மார்ச் 15

அன்பு அண்ணனுக்கு,

கோபம் தெரிகிறது. கையெழுத்தில்கூட “அண்ணன்” என்று போடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இதைக் கடைசிவரை படி.

உன்னிடம் கேட்டதை முதலில் நான் செய்திருக்க வேண்டும். அது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

இரண்டு வருடம் முன்பு எனக்கு மணிக்கட்டு உடைந்ததே, குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னேனே, அது பொய். ஏணியில் இருந்துதான் விழுந்தேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் தண்ணீர் கேன், முகம் வெளிப்பக்கம். இங்கே எல்லோரும் அப்படித்தானே இறங்குகிறோம். வண்டியைப் பார்த்தபடி இரண்டு கையாலும் பிடித்து இறங்கினால் “தொட்டில் இறக்கம்” என்று கேலி செய்வார்களே. முதல் நாளே அதைக் கேட்டுவிட்டு, செத்தாலும் அப்படி இறங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டவள் நான்.

விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் வருகிறவரை கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்பளை விழுந்துட்டா என்பார்கள், அதைவிட, பாறையின் தங்கை ஏணியில் விழுந்தாள் என்பார்கள். வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

உன் மாப்பிள்ளையிடமும் அதே பொய்தான். அந்த மனிதர் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குளியலறைத் தரையைத் தேய்க்கிறார். ஒர்க்‌ஷாப்பில் வாரம் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு, லீவு நாளில் குந்தி உட்கார்ந்து பாசியைச் சுரண்டுகிறார். நேற்று உண்மையைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ரெண்டு வருஷம் தப்பான இடத்தைத் தேய்ச்சிருக்கேன். ஏணியைச் சொல்லியிருந்தா ஒரே நாள்ல வேலையை முடிச்சிருப்பேனே” என்றார்.

இதற்கு நான் அழுதேன் அண்ணா. நாம் ஒவ்வொருவரும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வேறு எதையோ கைகாட்டுகிறோம். ஏணி அப்படியே தொங்குகிறது. நாளைக்கு யாராவது தலைகீழாக விழுந்தால் அவனும் கல்லைத்தான் சொல்வான், அதைச் சொல்ல அவன் இருந்தால்.

என் தாளை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் ஒருத்தி எழுதினால் பெண்பிள்ளை பயந்துவிட்டாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். பாறை அண்ணன் எழுதினால்தான் மற்றவர்களுக்கு வாய் வரும். கூட்டம் ஏப்ரல் 10. நீ அனுப்பாவிட்டாலும் நீ என் அண்ணன்தான். பதிவேட்டில் இருப்பதைப் பற்றி நான் வெளியே மூச்சு விட மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்து கிழித்த தாள்கள் ஒரு குப்பைக்கூடை இருக்கும்.

இதோ, நடந்தது இதுதான். மழை விட்டு அரை மணி நேரம். இடது கையில் டிபன் கேரியர், வலது கையில் பிளாஸ்க். முகம் வெளிப்பக்கம், மாப்பிள்ளை நடையாக இறங்கினேன். சங்கிலிப் படி உள்ளே போனது. இடது இடுப்பு தரையில், அதற்கடியில் கேரியர். எழ முடியவில்லை. ஃபோர்மேன் ஓடி வந்து, “என்னய்யா ஆச்சு, கல்லு கில்லு உருண்டுச்சா?” என்றார். “ஆமா” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு ஆமாவுக்குப் பதினொரு வருடம் தீனி போட்டு வளர்த்துவிட்டேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கல் கொஞ்சம் பெரிதானது.

முதலில் உன் அண்ணியிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில அந்தக் கேரியரை என் கையிலதான் குடுத்தாங்க. கல்லு பட்டா ஒரு இடத்துலதான் ஒடுங்கும். அது நீங்க மேல உக்காந்த மாதிரி சப்பையா இருந்துச்சு.”

“ஏன்டி கேக்கல?”

“நீங்க நிமிந்து உக்கார்றதுக்கு அந்தக் கதை வேண்டியிருந்துச்சு. விட்டுட்டேன்.”

அடுத்து மகள். அதுதான் மலை. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கட்டுரையைக் காட்டிச் சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

“ரொம்ப வலிச்சுதாப்பா?”

தங்கச்சி, பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பாறைக்கு எங்கே வலிக்கும்? ஸ்டூலில் உட்கார்ந்து, “ஆமாம்மா, ரொம்ப வலிச்சுது. இப்பவும் வலிக்குது” என்றேன். பதினொரு வருட மூச்சை அப்போதுதான் விட்டேன்.

கட்டுரையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், எழுத்து நல்லா இருக்கு” என்றாள். அவள் வாய் உன் வாய்தான்.

கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். கூட்டத்தில் சத்தமாகப் படி. நான் பூசி மெழுகவில்லை, நீயும் மெழுகாதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 18

என் அண்ணனுக்கு,

உட்கார்ந்து படி. அண்ணியையும் மருமகளையும் பக்கத்தில் உட்கார வை. இந்தக் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கூட்டத்தில் என் தாளை முதலில் படித்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்து, “இது பாறை அண்ணன் எழுதியது” என்று சொல்லி உன்னுடையதை எடுத்தேன். “ஆமா என்றேன்” என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். படித்து முடித்துத் தாளை மேஜையில் வைத்தேன். இனி என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

முதலில் எழுந்தவன் ரேடியோ. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “என்னோடதையும் திருத்திக்கோங்க அக்கா. கல்லு இல்ல, ஏணிதான்” என்றான். பிறகு எழுந்தது யார் தெரியுமா? ஃபோர்மேன். உன் கல்லை எழுதிய அதே ஃபோர்மேன். “என் முட்டி வீட்டு வாசல்ல விழுந்து போச்சுன்னு சொன்னது பொய். இருபத்தாறாம் நம்பர் வண்டி ஏணியில போச்சு. அவன்கிட்ட கல்லான்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன், என் பங்கும் அதுல இருக்கு” என்றார். ஒரு வாரத்தில் பதினேழு பேர் வந்து திருத்தி எழுதிவிட்டுப் போனார்கள். தோள்பட்டை, முதுகு, கணுக்கால். எல்லாம் அந்தக் கடைசி இரண்டு படி.

பாதுகாப்பு அதிகாரியையும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். கூட்டம் முடிந்த அன்றே பதிவேட்டை மூடிவிட்டு, பளபளக்கிற ஷூவோடு நேராக வண்டிக்கு வந்து ஏறினார். இறங்கும்போது கடைசிப் படி ஆடி, ஒரு காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தொங்கினார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். கீழே வந்தவர் மூச்சு வாங்கியபடி, “இத்தனை நாள் இதுலயா இறங்கினீங்க?” என்றார். அங்கேயே நின்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

முதல் படிக்கட்டை உன் மாப்பிள்ளைதான் செய்தார். சாய்வாக, அகலமாக, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒவ்வொரு பற்றவைப்பையும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூடப் போனார், குளியலறையை மறந்தே போய்விட்டார். உன் பழைய வண்டியில்தான் முதலில் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு நாளாக அதில் யாரும் கால் வைக்கவில்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கிறது. எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, ஃபோர்மேனே வந்து என்னிடம் சொன்னார்: “முதல்ல அவன் வந்து இறங்கட்டும்மா.” அதிகாரியும் சரி என்றுவிட்டார். 27ஆம் தேதி காலை ஷிப்ட். வருவாயா?

பெருமையோடு,
உன் தங்கை


ஏப்ரல் 22

என் தங்கைக்கு,

வருகிறோம். மூன்று பேரும் காலை முதல் பஸ்ஸில்.

ஏறுவதற்கு ஒருவர் பின்னால் நிற்கட்டும், இடுப்பு பழையபடி இல்லை. இறங்குவதற்கு யாரும் வேண்டாம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன். முகம் வண்டிப் பக்கம், இரண்டு கையும் கைப்பிடியில், ஒவ்வொரு படியாக. முழுத் தொட்டில் இறக்கம். சிரிக்க வேண்டியவர்களை முன்வரிசையில் நிற்கச் சொல்.

சப்பையான அந்தக் கேரியரை அண்ணி இன்னும் வைத்திருக்கிறாள். அதை முதுகில் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறலாம் என்றிருக்கிறேன். அது அன்றைக்கு முழுசாக இறங்கவில்லை, பாவம். மாப்பிள்ளையிடம் சொல், அவர் கையைப் பிடித்து நான் ஒன்று சொல்ல வேண்டும்.

மகள் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எப்படிக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று கேட்கிறாள். ஒளிக்க எதுவும் இல்லை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போடுகிறேன்.

ஏணியில் இருந்து விழுந்த
உன் அண்ணன்