இடுப்பு முடிச்சைத் தளர்த்தச் சொன்னவர்கள்

சுருளிப்பட்டி வயலில் நாற்று நட்டு என்னை மதுரையில் காலேஜ் படிக்கவைத்த என் அம்மாவுக்கு,

பிந்தித்தான் எழுதுகிறேன். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், இப்போது தவழ்கிறாள்.

சேலை இறுக்கிய இடத்தில் வந்த புண்ணை ஆம்பளை டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு எத்தனை நாள் மறைத்தாய்? இறுக்கினால் புண்வாய் மூடிவிடும் என்று அதன்மேலேயே முடிச்சும் போட்டாய். உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் நர்ஸம்மாதான் முதலில் பார்த்தார்.

“ஏன் ஆத்தா, இது இடுப்பா, நெல்லுக்கட்டா? இந்த இறுக்கு இறுக்கியிருக்கீக.”

“அவுந்து விழுந்தா நீயா வந்து மறைக்கப்போற?” என்றாய். அந்த வலியிலும் இருவரும் சிரித்தீர்கள்.

அதற்குள் தோல் புற்று தொடையிடுக்கில் கட்டியாக இறங்கியிருந்தது. அறுத்துப் பயனில்லை என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றபோதும் நர்ஸம்மா மூக்கைச் சுளிக்காமல் கடைசிவரை உன் புண்ணைக் கழுவினார். உன் காரியத்துக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: “நீயும் பாவாடை நாடாவ இறுக்குறவதான், தளத்திக் கட்டு. அங்கன தோலு தடிச்சாலோ, புண்ணு ஆறாம நின்னாலோ வெக்கப்படாம வந்துரு தாயி.”

பிள்ளை பெற்றதும் வயிறு ஒட்ட மாமியார் துணி கட்டிவிட்டார். அவிழ்த்தபோது நாடாத் தழும்பில் ஒரு புண். களிம்புக்கு ஆறவில்லை.

“பால்குடிப் பிள்ளைய வச்சுக்கிட்டுக் கத்தி வைக்கப் போறியாக்கும்?” என்றார் மாமியார். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் பிள்ளையோடு ஏறி நர்ஸம்மாவிடம் போய்விட்டேன்.

அவர் அனுப்பிவைக்க, மதுரையில் ஒரு லேடி டாக்டர் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அறுத்தெடுத்தார். அந்தத் துண்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க மதராஸுக்குப் போனது. முகம் தெரியாத ஒரு டாக்டர் என்ன சொல்வாரோ? நான் இல்லாவிட்டால் இவள் யாரை அம்மா என்பாள்?

போன வாரம் நர்ஸம்மா சொன்னார்: “ஒங்கம்மாவுக்கு வந்ததுதான். ஆனா வேரு ஓடுறதுக்கு முந்தியே எடுத்துட்டாக. ஓரமெல்லாம் சுத்தம்னு மதராஸ்ல சொல்லிட்டாக.” கையெடுத்துக் கும்பிடப் போனேன். “பிள்ளைய இங்கன குடு. போய் ஒருவாய் சாப்பிட்டு வா, மூஞ்சியப் பாரு.”

நேற்று மாமியார் அடுப்படியில் மெல்லக் கேட்டார்: “அந்த நர்ஸம்மா என் இடுப்பையும் பாப்பாகளா?”

வெள்ளிக்கிழமை கூட்டிப் போகிறேன். கூச்சப்பட்டால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன், அம்மா. அவரையும் மறைக்க விடமாட்டேன்.

உன் பேத்தியை வளர்க்க மிஞ்சியிருக்கும்,
உன் மகள்