மாரிக்குப்பம் வண்டியில் ஒரு துண்டு

மாரிக்குப்பம்
12.11.2001

கணவர் காத்தவராயன் அவர்களுக்கு கங்கம்மா எழுதுவது.

நானும் ரஷ்மியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை. கே.ஆர்.புரத்தில் உங்களுக்கு யார் சமைத்துப்போடுகிறார்கள் என்றும் கேட்கப்போவதில்லை.

கடிதம் வந்தது. தங்க மைன்ஸ் மூடிய ஊரில் இனி நாய்கூட இருக்காது, வீட்டைக் காலி செய்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன, போகச் சொன்னால் போவதற்கு உங்கள் வீட்டு மூட்டை முடிச்சா?

ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி வேலை, கடைசி வண்டி கிடைப்பதில்லை, அதனால்தான் பெங்களூரில் கே.ஆர்.புரத்தில் ரூம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னீர்கள். நம்பினேன். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்கள் தினமும் வேலைக்குப் போய்வந்த ரயில் பெட்டிக்கு மாலை கட்டிக் கொடுப்பது யார் என்பதை மறந்துபோனீர்களே! பூஜை லீவுக்கு முந்தின நாள் விடியற்காலையில், வழக்கம்போல சாமந்தி மாலையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த உங்கள் பெட்டி சிநேகிதர் ஏனோக் என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டார். "இன்னா அண்ணி, நீங்க இங்கதான் கீறீங்களா? குடும்பத்தோட கே.ஆர்.புரம் போயிட்டோம்னு அண்ணன் சொன்னாரே" என்று கேட்டார். பெட்டியே என்னைப் பார்த்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த அவமானத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஊரைப் பற்றி எழுதினீர்களே, அதற்கும் பதில் சொல்கிறேன். காலை வண்டியில் ஒருநாள் ஏறிப் பாருங்கள், கால் வைக்க இடமில்லை. நமக்குப் பின் வரிசை லைன் வீடுகளில் பூட்டிக் கிடந்த ஒன்றுக்கு பெங்களூரிலிருந்தே ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அங்கே வாடகை கொடுத்து மாளாதாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இங்கிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். பங்காருபேட்டையில் ஸ்டேஷனைச் சுற்றிப் புது வீடுகள் எழும்புகின்றன. வண்டி ஓடும்வரை இந்த ஊர் காலியாகாது. ஓடிப்போனது நீங்கள். பழியை ஊர்மேல் போடாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். நானும் சீசன் பாஸ் வாங்கிவிட்டேன். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. நான் திரும்பி வரும்வரை ரஷ்மியைப் பக்கத்து வீட்டு வெங்கடம்மா பார்த்துக்கொள்கிறார். உங்கள் ஜன்னலோர இடத்தை ஏனோக் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார். வழியில் ஏறுகிறவர்களுக்கு இப்போது நான்தான் துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன். பெட்டிக்காரர்கள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. உங்களைவிட அவர்களுக்கு மரியாதை தெரியும்.

தினமும் கே.ஆர்.புரத்தில் வண்டி நிற்கிறது. முதல் வாரம் எட்டி எட்டிப் பார்த்தேன். இப்போது காலையில் பார்ப்பதில்லை.

சாயங்காலம் திரும்பும் வண்டியில் மட்டும் பக்கத்து இடத்தில் உங்கள் பச்சைத் துண்டைப் போட்டு வைக்கிறேன். நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள், திட்டுகிறார்கள். கே.ஆர்.புரம் தாண்டினதும் எடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு வேலை முடியவில்லையா என்று ரஷ்மி கேட்கிறாள். அவளிடம் உங்களுக்காகப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது.

இந்த மாதம் முழுக்கத் துண்டு போடுவேன். அதற்குப் பிறகு அது தரை துடைக்கத்தான் ஆகும். வீட்டை நான் காலி செய்யமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி,
கங்கம்மா