கண்ணுக்கு இரண்டாவது கோட்டிங்

மார்ச் 3

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் சொல்கிறேன்? படிக்கப்போவது நான்தான். அறுபத்தொன்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. இந்த மூன்று வரிக்கு அரை மணி.

கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு என்றார்கள். நாற்பது வருஷம் பெயின்ட் அடித்தவன் நான். ஒரே கோட்டிங்கில் எந்தச் சுவர் நின்றது? ஒன்று விட்டு, காய்ந்ததும் இன்னொன்று விடுகிறேன்.

மார்ச் 6

குளியலறை வாசலில் தலை சுற்றியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரி, எழுத்து தலைக்கு ஏறிவிட்டது என்றாள்.

மார்ச் 7

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை இத்தனை நாள் குப்பையில் போட்டேன். இன்று பிரித்தேன், பின்பக்கம் தமிழிலும் இருந்தது. எறும்பு எழுத்து. ஒரு நாளைக்கு நாலு வரி என்று கணக்கு.

மார்ச் 9

பத்தாவது வரி: கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லவும்.

எனக்கு இருக்கிறது. நாலு வருஷமாக. ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை, ஆனாலும் வந்தது. கண் டாக்டரிடம் சொன்னேனா? இல்லை. ஈரல் எங்கே, கண் எங்கே?

இன்று ராத்திரி மருந்து விடவில்லை.

மார்ச் 10

காலையிலும் விடவில்லை. மகளிடம் போனில் சொன்னேன், பிடித்துக்கொண்டாள். "நீங்களா நிறுத்தினா கண்ணு போயிடும்பா. அப்புறம் எதை வச்சுப் படிப்பீங்க?"

அதுதானே. எதை வைத்துப் படிப்பேன்? வகுப்பில் இன்னும் பாதிப் புத்தகம் கிடக்கிறது.

மார்ச் 11

எல்லா மருந்தையும் பையில் கட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டரம்மா நாடி பார்த்தார். நாற்பத்தாறு. ஈரலுக்கு நான் விழுங்கும் மாத்திரையும் இதயத்தை மெதுவாக்குமாம், இந்தச் சொட்டும் அதையே செய்யுமாம். உள்ளே போனதை ஈரல்தான் கழிக்க வேண்டும், என் ஈரல் நிதானமான ஆள்.

இரண்டு கோட்டிங் விஷயத்தையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, கண்ணுல ஒரு சொட்டுக்குத்தான் இடம். மிச்சம் மூக்கு வழியா ரத்தத்துக்குப் போயிடுது."

என் எதிரிலேயே ஈரல் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி, வேறு சொட்டு எழுதித் தந்தார். ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்த வேண்டும். நானாக நிறுத்தக் கூடாது.

மார்ச் 12

அழுத்தினேன். வீட்டுக்காரி நூற்றிருபது எண்ணினாள். எண்பதில் ஒரு தடவை குழம்பினாள், மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 26

நாடி அறுபத்திரண்டு. தலைசுற்றல் இல்லை. கண் அழுத்தமும் இறங்கியிருக்கிறது.

பார்வை சோதிக்க நர்ஸ் வழக்கம்போல முள்கரண்டிப் பலகையை மாட்டினார், எழுத்துத் தெரியாதவர்கள் முள் எந்தப் பக்கம் என்று கை காட்டுகிற பலகை. எழுத்துப் பலகையைப் போடச் சொன்னேன். அவர் ஃபைலைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியாதுன்னு போட்டிருக்கே?"

"அது பழைய சேதிம்மா."

ஐந்து வரி படித்தேன். ஆறாவது மங்கல். நர்ஸ் ஃபைலில் அந்த வரியைக் கோடு கிழித்து அடித்து மேலே ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'படிப்பார்' என்று இருந்தது.

அடுத்த வியாழன் ஈரல் டாக்டர். அங்கே ஃபைலில் என்ன போட்டிருக்கிறதென்று பார்த்து வந்து எழுதுகிறேன். இப்போது விரல் வலிக்கிறது.